பக்கவாட்டில் இடிக்காத கடைவாய்க் கிரௌன்: தாடை அசைவைக் கணினியில் ஓட்டிப் பார்த்த அனுபவம்

வாயை மூடிக் கடித்தால் கச்சிதமாக உட்காரும் கிரௌன் (பல்லின் மேல் மாட்டும் உறை), தாடையைப் பக்கவாட்டில் நகர்த்தியதும் இடிக்கிறது. பல் லேபில் டிசைன் வேலை பார்க்கும் எல்லாருக்கும் பழகிப்போன புகார் இது. டாக்டர் நாற்காலியிலேயே பர் (சுழலும் தேய்ப்பு முனை) வைத்துத் தேய்த்துவிடுவார், நோயாளியும் கிளம்பிவிடுவார். ஆனால் அது ஜிர்கோனியா என்ற கடினமான பீங்கானால் முழுவதும் செய்த கிரௌனாக இருந்தால் விஷயம் அங்கே முடிவதில்லை. நன்றாகப் பாலிஷ் போட்ட ஜிர்கோனியா எதிர்ப்பல்லை அதிகம் தேய்ப்பதில்லை. பர் பட்டு மெருகு போன ஜிர்கோனியாதான் எதிர்ப்பல்லின் எனாமலை அரைக்கும். அதோடு, தேய்த்த இடத்தில் கிரௌனின் கனமும் குறைகிறது. எதிர்ப்பல் பெரும்பாலும் நோயாளியின் சொந்தப் பல், அதற்கு மாற்று கிடையாது. அதனால்தான் இந்தத் தேய்ப்பு வேலையைக் கூடியவரை டிசைனிலேயே முடித்துவிட வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

இதற்கான கருவி நம் எல்லாரிடமும் ஏற்கெனவே இருக்கிறது. எக்ஸோகேட், த்ரீஷேப் போன்ற சாஃப்ட்வேர்களில் விர்ச்சுவல் ஆர்ட்டிகுலேட்டர் உண்டு. மேல், கீழ் மாடல்களை அதில் ஏற்றி, முன்னே, இடது, வலது என்று கீழ்த்தாடையை ஓட்டினால், எங்கே எவ்வளவு இடிக்கிறது என்று வண்ணத்தில் காட்டும். பல லேப்களில் என்ன நடக்கிறது என்றால், அதைத் திறந்து, முன்பே பதிந்திருக்கும் எண்களோடு ஒரு ஓட்டு ஓட்டி, சிவப்பு தெரிந்தால் வெட்டும் பொத்தானை அழுத்திவிட்டு மில்லிங்குக்கு, அதாவது மெஷினில் கடைவதற்கு, அனுப்பிவிடுகிறார்கள். அந்த எண்கள் சராசரி மனிதருடையவை. நம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருடைய தாடை மூட்டு எப்படி நகர்கிறது என்று அவற்றுக்குத் தெரியாது.

கோவையில் எங்கள் லேபுக்கு வந்த ஒரு கேஸில், நோயாளியின் சொந்த எண்களை எடுத்து உள்ளே போட்டுப் பார்த்தோம். தாடை அசைவைப் பதியும் தனிக் கருவி எதுவும் வாங்கவில்லை. டாக்டரின் வாய் ஸ்கேனரும் கிளவுட்கம்பேர் என்ற இலவச சாஃப்ட்வேரும் போதுமானதாக இருந்தன. எப்படிச் செய்தோம் என்பதை விவரமாக எழுதுகிறேன்.

கேஸ் இதுதான். கீழ் இடது கடைவாய்ப் பற்கள் 36, 37 இரண்டுக்கும் தனித்தனி ஜிர்கோனியா கிரௌன். எதிரில் 26, 27 நல்ல பற்கள். நோயாளிக்கு இரவில் பல் கடிக்கும் பழக்கம். வலது மேல் கோரைப்பல்லான 13-இன் நுனி தட்டையாகத் தேய்ந்திருந்தது. இந்தக் கடைசித் தகவலை டாக்டர் போகிற போக்கில்தான் சொன்னார். எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது. தாடை வலப்பக்கம் நகரும்போது வலது கோரைப்பற்கள் ஒன்றின்மேல் ஒன்று சறுக்கி, இடது கடைவாயைத் தூக்கி விலக்க வேண்டும். நுனி தேய்ந்துவிட்டால் அந்தத் தூக்கல் குறையும். அப்போது இடப்பக்கக் கடைசிப் பல்லில், அதாவது நம் 37-இல், இடிக்க வாய்ப்பு கூடும்.

அதனால் டாக்டரிடம் முதலில் கேட்டது முழு வாய் ஸ்கேன். இரண்டு கிரௌனுக்கு இடப்பக்கம் மட்டும் ஸ்கேன் செய்து அனுப்புவதுதான் வழக்கம். வலது கோரைப்பல் ஸ்கேனிலேயே இல்லையென்றால், அது தேய்ந்திருக்கிறதா என்பதை சாஃப்ட்வேர் எதை வைத்துக் கண்டுபிடிக்கும்? முன்பக்க வழிகாட்டலுக்கு அது ஆர்ட்டிகுலேட்டரின் இன்சைசல் டேபிள் என்கிற முன் தட்டின் கோணத்தைத்தான் எடுத்துக்கொள்ளும். இந்த ஒன்றை மட்டும் மாற்றிக்கொண்டாலே பாதி பிரச்சினை தீரும் என்பது என் அபிப்பிராயம். முன்பற்கள் நிஜமாகவே மாடலில் இருந்தால், அசைவின் முன்பாதியை அந்தப் பற்களே தீர்மானித்துவிடும். பின்பாதியான மூட்டைத்தான் நாம் ஊகிக்க வேண்டியிருக்கும்.

அடுத்து, வழக்கமான பைட்டோடு (மேல், கீழ்ப் பற்கள் சேர்ந்து நிற்கும் நிலையின் பதிவு) கூடுதலாக இரண்டு பைட் கேட்டோம். ஒன்று, தாடையை முன்னே தள்ளி மேல், கீழ் முன்பற்களின் விளிம்புகள் தொடும் நிலை. இன்னொன்று, வலப்பக்கம் நகர்த்தி கோரைப்பற்கள் நுனிக்கு நுனி நிற்கும் நிலை. ஒவ்வொன்றிலும் இரண்டு பக்கமும் கன்னப்புறமாக ஸ்கேன். நோயாளியால் இந்த நிலைகளில் ஆடாமல் நிற்க முடியாது என்பதால், டாக்டர் முன்பற்களுக்கு நடுவே கொஞ்சம் பைட் சிலிக்கோனை வைத்து இறுகவிட்டு ஸ்கேன் செய்தார். முன்னே தள்ளும் பைட்டை மட்டும் இரண்டு முறை எடுத்துத் தரச் சொன்னேன். காரணம் பின்னால் வரும்.

யோசனை புதிதல்ல. தாடையை முன்னே தள்ளினால் பின்பற்களுக்கு இடையே ஆப்பு வடிவத்தில் இடைவெளி விழுகிறது, மூட்டின் சரிவு கூடக்கூட அந்த இடைவெளியும் கூடுகிறது என்று டென்மார்க்கின் கிறிஸ்டென்சென் 1905-லேயே எழுதிவிட்டார். மெழுகுத் துண்டைக் கடிக்கவைத்து ஆர்ட்டிகுலேட்டரில் கோணம் வைத்தவர்கள் எல்லாரும் அவர் வழியில்தான் போனார்கள். மெழுகு இருந்த இடத்தில் இப்போது ஸ்கேன் இருக்கிறது.

இனி கணினி வேலை. மேல் மாடல், வழக்கமான பைட்டில் கீழ் மாடல், முன்னே தள்ளிய நிலையில் கீழ் மாடல் (இரண்டு பைட்டுக்கும் தனித்தனி), வலது நிலையில் கீழ் மாடல் என ஐந்து எஸ்டிஎல் (முப்பரிமாண வடிவ) கோப்புகள் வேண்டும். மேல் மாடல் எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் இருப்பது கட்டாயம். டாக்டரின் ஸ்கேனர் கூடுதல் பைட்டைத் தனி கேஸாகத்தான் கொடுத்தது. அதனால் ஒவ்வொரு கேஸின் மேல் மாடலையும் முதல் கேஸின் மேல் மாடலோடு பொருத்தி, அதே நகர்வைக் கீழ் மாடலுக்கும் கொடுத்தேன்.

அப்புறம் மொத்தத்தையும் நிமிர்த்தி வைக்க வேண்டும். கடிக்கும் தளம் கிடைமட்டமாகவும், நடுக்கோடு ஒரு அச்சோடு ஒட்டியும், கீழ் முன்பற்களின் நடுப்புள்ளி பூஜ்யமாகவும் இருக்கும்படி திருப்பிக்கொண்டேன். காண்டைல் என்கிற மூட்டுமுனை ஸ்கேனில் இல்லை, அதன் இடத்தைக் கணக்கிட்டுத்தான் வைக்க வேண்டும். இங்கே 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்கப் பல் மருத்துவர் பான்வில் உதவுகிறார். இரண்டு காண்டைல்களும் கீழ் முன்பற்களின் நடுப்புள்ளியும் சேர்ந்து, பக்கத்துக்கு 4 அங்குலம், அதாவது ஏறக்குறைய 10 செ.மீ. உள்ள சமபக்க முக்கோணம் ஆகும் என்றார். அந்த முக்கோணம் கடிக்கும் தளத்தோடு சுமார் 22 டிகிரி சாய்ந்திருக்கும், இதற்குப் பால்க்வில் கோணம் என்று பெயர். கணக்குப் போட்டால் காண்டைல் முன்பற்களிலிருந்து சுமார் 80 மி.மீ. பின்னே, 32 மி.மீ. மேலே, நடுக்கோட்டிலிருந்து 50 மி.மீ. பக்கவாட்டில் வருகிறது. கிளவுட்கம்பேரில் அந்த இரண்டு இடத்திலும் ஒரு சிறிய உருண்டையை வைத்தேன்.

இப்போது வழக்கமான நிலையில் உள்ள கீழ் மாடலை முன்னே தள்ளிய நிலைக் கீழ் மாடலின்மேல் பொருத்தச் சொன்னால், சாஃப்ட்வேர் அந்த நகர்வை ஒரு எண் கட்டமாகத் தரும். அதே கட்டத்தை உருண்டைகளுக்கும் கொடுத்தால், காண்டைல் எங்கே போய் நிற்கிறது என்று தெரிந்துவிடும். நகர்வதற்கு முன்னும் பின்னும் உருண்டையின் மையப் புள்ளியைக் குறித்துக்கொண்டு கழித்தால் போதும்.

இடது காண்டைல் முதல் பைட்டில் 4.8 மி.மீ. முன்னே, 2.3 மி.மீ. கீழே வந்தது. 2.3-ஐ 4.8-ஆல் வகுத்து, எந்தக் கோணத்தின் டேன்ஜென்ட் அது என்று பார்த்தால் ஏறக்குறைய 25.6 டிகிரி. இரண்டாவது பைட்டில் 5.1 முன்னே, 2.0 கீழே, அதாவது 21.4 டிகிரி. வலப்பக்க பைட்டில் அதே இடது காண்டைல் 5.6 முன்னே, 2.9 கீழே, 1.1 உள்ளே வந்திருந்தது. சரிவு 27.4 டிகிரி, காண்டைல் உள்நோக்கி விலகும் பென்னட் கோணம் 11 டிகிரி. பக்கவாட்டு அசைவில் சரிவு சற்றுக் கூடுதலாக வருவது இயல்புதான், அந்த வித்தியாசத்துக்கு ஃபிஷர் கோணம் என்றே பெயர் உண்டு.

முன்னே தள்ளிய இரண்டு பைட்டுக்கும் நடுவே 4 டிகிரி வித்தியாசம் ஏன்? கீழ் மாடலைக் கீழ் மாடலோடு பொருத்துவதில் பிழை அநேகமாக இல்லை, இரண்டும் ஒரே மெஷ் என்பதால் அச்சாக உட்காரும். பிழை வருவது கன்னப்புற ஸ்கேனில். கதவில் கீலுக்குப் பக்கத்தில் நூலளவு விலகினால் மறுமுனையில் விரலளவு விலகுவது மாதிரி, பற்களில் அரை டிகிரி பிசகினால் தூரத்தில் இருக்கும் காண்டைல் புள்ளி கிட்டத்தட்ட அரை மி.மீ. ஏறியோ இறங்கியோ போகும். 5 மி.மீ. நகர்வில் அரை மி.மீ. என்பது 5 டிகிரிக்குச் சமம். இரண்டு முறை பைட் கேட்டதற்குக் காரணம் இதுதான். இரண்டும் 10 டிகிரிக்கு மேல் விலகியிருந்தால் அந்த எண்களை நம்பியிருக்க மாட்டேன். இன்னொரு சோதனையும் உண்டு. முன்னே தள்ளிய நிலையில் மேல், கீழ் மாடல்களைச் சேர்த்துத் திறந்து, பற்கள் ஒன்றுக்குள் ஒன்று ஊடுருவி நிற்கிறதா என்று பாருங்கள். ஊடுருவியிருந்தால் பைட் ஸ்கேன் சரியில்லை, மேலே போக வேண்டாம்.

எந்த எண்ணை எடுத்துக்கொள்வது? நான் 22 வைத்தேன். சராசரி எடுக்காமல் கீழ் எண் பக்கம் சாய்ந்ததற்குக் காரணம் உண்டு. மூட்டின் சரிவு கூடுதல் என்று சாஃப்ட்வேரிடம் சொன்னால், அசையும்போது பின்பற்கள் தாராளமாக விலகும் என்று நம்பி உயரமான கஸ்ப்களை (பல்லின் மேட்டு முனைகளை) அனுமதித்துவிடும். நிஜத்தில் சரிவு குறைவாக இருந்தால் அந்தக் கஸ்ப்கள் இடிக்கும். சரிவைக் குறைத்துச் சொன்னால் கஸ்ப் கொஞ்சம் தட்டையாகும், வாயில் இடைவெளி கூடுதலாக இருக்கும். இடிக்கும் கிரௌனைவிட அது எவ்வளவோ மேல். பென்னட் கோணத்தில் இது தலைகீழ், சந்தேகம் இருந்தால் கூட்டி வைக்க வேண்டும். அதனால் 11-ஐ 13 ஆக்கினேன்.

இந்த இடத்தில் பலரும் கவனிக்காத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 22 டிகிரி என்பது எந்தத் தளத்திலிருந்து? நான் அளந்தது கடிக்கும் தளத்திலிருந்து. சாஃப்ட்வேரிலும் மாடலைக் கடிக்கும் தளம் கிடைமட்டமாக இருக்கும்படிதான் ஏற்றினேன், அதனால் எண் அப்படியே பொருந்தியது. ஃபேஸ்போ (மேல்தாடை மூட்டோடு எப்படி அமைந்திருக்கிறது என்று பதியும் கருவி) வைத்து, கண்குழியின் கீழ் விளிம்பிலிருந்து காதுத் துளை வரை போகும் ஃபிராங்ஃபர்ட் தளத்தை அடிப்படையாகக் கொண்டு மாடலை ஏற்றும் லேபில் இதே நோயாளிக்கு எண் வேறாக இருக்கும். மூக்கின் ஓரத்திலிருந்து காது வரை போகும், கடிக்கும் தளத்துக்கு ஏறக்குறைய இணையான காம்பர் தளத்துக்கும் ஃபிராங்ஃபர்ட் தளத்துக்கும் இடையிலேயே 10 டிகிரி போல வித்தியாசம் உண்டு. பாடப்புத்தகத்திலோ பக்கத்து லேபிலோ எழுதியிருக்கும் எண்ணைத் தூக்கி நம் கட்டத்தில் போடுவது, பொருளைத் தெரியாமல் அளவை மட்டும் எடுப்பதாகிவிடும். அளந்த தளமும் ஏற்றிய தளமும் ஒன்றாக இருக்க வேண்டும்.

சரி, ஓட்டிப் பார்த்தோம். முதலில் எங்கள் கணினியில் பதிந்திருந்த பழைய மதிப்பான 35-இல். வலப்பக்கம் நகர்த்தினால் 37 சுத்தமாக விலகியது, எங்குமே சிவப்பு இல்லை. அந்த டிசைனை அப்படியே மில்லிங்குக்கு அனுப்பியிருக்கலாம் என்று யாருக்கும் தோன்றும். அப்புறம் 22-ஐப் போட்டு ஓட்டினேன். 37-இன் கன்னப்புறப் பின் கஸ்ப் இருக்கிறதே, அதன் உட்சரிவில் நீளவாக்கில் ஒரு சிவப்புக் கோடு. ஊடுருவல் 0.3 மி.மீ. கிட்ட.

கையால் கணக்குப் போட்டாலும் இதேதான் வருகிறது. 35 டிகிரியில் காண்டைல் ஒவ்வொரு மி.மீ. முன்னே போகும்போதும் 0.70 மி.மீ. இறங்கும், 22-இல் 0.40 மட்டும். வித்தியாசம் 0.30. 37 இருப்பது முன்பற்களுக்கும் காண்டைலுக்கும் ஏறக்குறைய நடுவில் என்பதால் அங்கே அதில் பாதி, 0.15. காண்டைல் 2 மி.மீ. நகர்ந்ததும் 0.3. டாக்டர்கள் பயன்படுத்தும் தடிமனான கடித்தாள் 200 மைக்ரான், அதாவது 0.2 மி.மீ. அதையும் தாண்டிய உயரம் இது. டாக்டர் பர் எடுத்தே ஆக வேண்டியிருக்கும்.

அந்தக் கோடு ஏன் அந்த இடத்தில் விழுந்தது என்பதும் முக்கியம். வாய் மூடியிருக்கும்போது 27-இன் அண்ணப்புற கஸ்ப் 37-இன் நடுக்குழியில் உட்கார்ந்திருக்கிறது. தாடை வலப்பக்கம் போனால் 37 வலது முன்பக்கமாக நகர்கிறது. 37-இலிருந்து பார்த்தால் அந்த மேல் கஸ்ப் கன்னப்புறமாகவும் பின்னாகவும் கோணலாக வெளியேறுகிறது. அதன் வழியை மறித்து நிற்பது கன்னப்புறப் பின் கஸ்ப். 36-க்கு இந்தத் தொல்லை குறைவு, இயற்கையே அங்கே கன்னப்புறத்தில் இரண்டாவது பள்ளம் ஒன்றை வைத்திருக்கிறது. நான்கு கஸ்ப் உள்ள 37-இல் அது இல்லை.

இப்போது வெட்டும் பொத்தானை அழுத்தலாமா? அழுத்தினால் சிவப்பு போய்விடும். ஆனால் அந்தச் சரிவில் கரண்டியால் வழித்த மாதிரி ஒரு மொழுக்கையான தடம் விழும். அந்த இடத்தில் தயார்செய்த பல்லுக்கு மேலே கனம் 1.1 மி.மீ. மட்டுமே இருந்தது. 0.3 போனால் 0.8. ஜிர்கோனியாவுக்கு அது தாங்கும் என்றாலும், பல் கடிக்கும் பழக்கம் உள்ளவரின் கடைசிப் பல்லில் கனத்தை வீணாக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால் வெட்டாமல் வடிவத்தை மாற்றினேன். பின் கஸ்ப்பின் முனையைக் கன்னப்புறமாகச் சிறிது தள்ளி, உட்சரிவைப் படுக்கவைத்து, மேல் கஸ்ப் போகும் திசையிலேயே ஆழமில்லாத ஒரு பள்ளத்தை இழுத்தேன். கன்னப்புறமாகத் தள்ளும்போது மேல் பல் கீழ்ப்பல்லைத் தாண்டி நிற்கும் அளவு குறைகிறதா என்று குறுக்குவெட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். குறைந்தால் நோயாளி கன்னத்தைக் கடித்துக்கொள்வார். எல்லாம் முடிந்த பிறகு, மிச்சமிருந்த ஓரிரண்டு புள்ளிகளுக்கு மட்டும் வெட்டும் பொத்தானைப் பயன்படுத்தினேன்.

பள்ளம் இழுக்கும்போது பர் அளவை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஜிர்கோனியாவைச் சுடுவதற்கு முன்னே பெரிதாக மில் செய்கிறோம், உலையில் அது சுமார் 20 சதவீதம் சுருங்குகிறது. அதனால் 0.6 மி.மீ. பர் போட்ட பள்ளம் சுட்டபின் அரை மி.மீ. அளவுக்கு வரும். அதைவிடக் குறுகலான பள்ளத்தைத் திரையில் எவ்வளவு அழகாக வரைந்தாலும் மெஷின் அதை மழுங்கடித்துவிடும், இடிக்கும் இடம் திரும்பி வந்துவிடும்.

நேரடியாக ஜிர்கோனியாவுக்குப் போகவில்லை. அதே டிசைனைப் பிஎம்எம்ஏ பிளாஸ்டிக்கில் மில் செய்து டாக்டருக்கு அனுப்பினோம். வாயில் பொருத்தி, நேராகக் கடிக்கும்போது 8 மைக்ரான் ஃபாயிலை இழுத்துப் பார்த்தார். 36, 37 இரண்டும் பிடித்துக்கொண்டன. பிறகு நீலத் தாளை வைத்து எல்லாப் பக்கமும் அசைக்கச் சொல்லி, அதன்மேல் சிவப்புத் தாளை வைத்து நேராகக் கடிக்கவைத்து, புகைப்படம் அனுப்பினார். இந்த வரிசை முக்கியம். சிவப்பு மூடாத நீலம் எல்லாம் அசைவில் மட்டும் இடிப்பவை.

கஸ்ப் சரிவு சுத்தமாக இருந்தது. ஆனால் 37-இன் நடுக்குழியில் உள்ள சிவப்புப் புள்ளியை ஒட்டி, கன்னப்புறமாக ஒரு சின்ன நீலத் தீற்று. சாஃப்ட்வேரில் அந்த இடம் பச்சையாகத்தான் இருந்தது. இதற்குக் காரணம் நாங்கள் அளந்த முறையிலேயே இருக்கிறது. 5.6 மி.மீ. தள்ளிப் போய் நின்ற பிறகுதான் பைட் எடுத்தோம். தொடக்கப் புள்ளிக்கும் முடிவுப் புள்ளிக்கும் நடுவே ஒரு நேர்க்கோட்டை இழுத்து அதைப் பென்னட் கோணம் என்கிறோம். சிலருக்குத் தாடை, முன்னே போகத் தொடங்கும் முன்பே பக்கவாட்டில் கொஞ்சம் சட்டென்று விலகும். இமீடியட் சைடு ஷிஃப்ட் என்பது இதுதான். நேர்க்கோடு அந்த விலகலை முழு நீளத்துக்கும் பரப்பிவிடுவதால், குழியின் பக்கத்திலேயே நடக்கும் உரசல் மறைந்துவிடுகிறது. விர்ச்சுவல் ஆர்ட்டிகுலேட்டரில் இதற்குத் தனிக் கட்டம் இருக்கிறது. அதில் 0.5 மி.மீ. போட்டு மறுபடி ஓட்டியதும், புகைப்படத்தில் நீலம் இருந்த அதே இடத்தில் திரையில் சிவப்பு வந்தது. குழியைக் கன்னப்புறமாக அகலப்படுத்தி, நேர்க்கடியின் தொடுபுள்ளியைத் தொடாமல் விட்டேன்.

இறுதி ஜிர்கோனியா கிரௌன்களை ஒட்டும் முன் டாக்டர் அதே இரு வண்ணச் சோதனையைச் செய்தார். இடப்பக்கம் தனியாக நிற்கும் நீலம் இல்லை, பர் தேவைப்படவில்லை.

இந்த முறை எல்லா கேஸுக்கும் ஏற்றதல்ல. கடியின் உயரத்தையே கூட்டும் வேலைகளில் பான்வில் முக்கோணத்தை வைத்துக் காண்டைலை ஊகிப்பது எனக்குச் சம்மதமில்லை. தாடை எந்த அச்சில் திறக்கிறது என்பதே அங்கே முடிவை மாற்றும். அதற்கு ஃபேஸ்போவாவது வேண்டும், இல்லையென்றால் ஸீப்ரிஸ், மோட்ஜா போன்ற அசைவுப் பதிவுக் கருவியின் கோப்பை சாஃப்ட்வேருக்குள் நேரடியாக ஏற்ற வேண்டும். அந்தக் கோப்பில் நேர்க்கோடு இருக்காது, நோயாளி நிஜமாகப் போன வளைந்த பாதையே இருக்கும். மூட்டு வலி உள்ளவர்களிடம் முன்னே தள்ளிப் பிடி, பக்கத்தில் பிடி என்று வற்புறுத்தி பைட் எடுக்கவும் கூடாது. முன்பற்கள் இல்லாதவர்களுக்கும் இது வேலை செய்யாது.

மற்றபடி, கடைசிக் கடைவாய்ப் பல்லில் கிரௌன் வருகிற கேஸ்களுக்கு எங்கள் ஆர்டர் படிவத்தில் இப்போது மூன்று வரிகள் சேர்த்திருக்கிறோம்: முழு வாய் ஸ்கேன், முன்னே தள்ளிய பைட் இரண்டு முறை, கிரௌனுக்கு எதிர்ப்பக்கமாகத் தாடையை நகர்த்திய பைட். கோரைப்பல் தேய்ந்திருக்கிறதா என்ற கேள்வியும் அவற்றுக்குக் கீழே இருக்கிறது.